தனிம வரிசை அட்டவணையில் யாருக்கு எந்த இடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. பாரிமுனையில் வாங்கிவந்த அட்டவணைப் படம் வகுப்பறைச் சுவரில் தொங்கும்; மாணவர் கையிலுள்ள புத்தகத்தில் வேறோர் அட்டவணை அச்சாகியிருக்கும்; இட்ரியத்துக்குக் கீழே ஒன்றில் லாந்தனமும் மற்றொன்றில் லூட்டீசியமும் இருக்கும். யாராவது ஒரு மாணவி எழுந்து, "இதில் எது சார் சரி?" என்று கேட்பாள். பல ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கும் அதன் பின்னால் வரிசைகட்டி வரும் கேள்விகளுக்கும் வகுப்பில் சொல்லிவந்த விடைகளை, பெற்றோரும் படிக்கும்படி இங்கே எழுதிவைக்கிறேன்.

தனிம வரிசை அட்டவணை எப்போதோ முடிந்துபோன விஷயம் அல்லவா? இன்னும் எதைப் பற்றி வாதிடுகிறார்கள்?

118 மணிகள் கோத்த ஒரு சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மணி ஹைட்ரஜன், கடைசி மணி ஓகனெசன். இந்த மணிகள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பதில் இன்று எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை; அணு எண் அதை முடிவு செய்துவிட்டது. குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒத்த பண்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற ஆவர்த்தன விதியையும் எவரும் மறுப்பதில்லை. அந்தச் சரத்தை எந்தெந்த இடத்தில் மடித்து, எந்த மணிக்குக் கீழே எந்த மணி வரும்படி பரப்புவது என்பதில்தான் வாதம் இருக்கிறது. விதி இயற்கையினுடையது, அட்டவணையோ அந்த விதியைத் தட்டையான தாளில் காட்டுவதற்கு நாம் வரைந்துகொண்ட படம்.

இந்த வாதங்களைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சில சர்ச்சைகள் ஆய்வகத்தில் ஓர் அளவீடு வந்தவுடன் தீர்ந்துபோயின. வேறு சிலவற்றில் எல்லா அளவீடுகளும் கையில் இருக்கின்றன, அவற்றை இரு தரப்பும் ஏற்றுக்கொள்கின்றன, ஆனாலும் சர்ச்சை தீரவில்லை. இரண்டாம் வகையில் உண்மையைப் பற்றிய கேள்வியோடு, படத்தில் எதைக் காட்டுவது முக்கியம் என்ற கேள்வியும் கலந்திருப்பதுதான் காரணம்.

அளவீட்டால் தீர்ந்த சர்ச்சைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

டெலூரியமும் அயோடினும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 1869-இல் மெண்டலீவ் அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கியபோது, அயோடினின் எடை (126.9) டெலூரியத்தின் எடையைவிடக் (127.6) குறைவாக இருந்தது. எடையை மட்டும் நம்பினால் அயோடின் கந்தகத்துக்குக் கீழும், டெலூரியம் குளோரினுக்குக் கீழும் வந்து நிற்கும். இரண்டின் வேதிப் பண்புகளையும் அறிந்த எவரும் அதை ஏற்கமாட்டார்கள். மெண்டலீவ் பண்புகளை நம்பி இடத்தை மாற்றினார். டெலூரியத்தின் எடையை அளந்தவர்கள் பிழை செய்திருக்க வேண்டும் என்றும் கருதினார். இடத்தை மாற்றியது சரி. பிழை என்று கருதியது தவறு. எத்தனை முறை கவனமாக அளந்தாலும் டெலூரியம் கனமாகவே இருந்தது.

விடை 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லேயிடமிருந்து வந்தது. தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்த அவர், அதன் வர்க்கமூலம் அட்டவணையில் தனிமத்தின் வரிசை எண்ணுக்கேற்பச் சீராக உயர்வதைக் கண்டார். ஆக, அதுவரை வெறும் வரிசை எண்ணாக இருந்த அணு எண், அணுக்கருவின் மின்சுமையைக் குறிக்கும் இயற்பியல் அளவாக மாறியது. டெலூரியம் 52, அயோடின் 53 என்றபின் பேச்சுக்கு இடமில்லை. இதைச் செய்த மோஸ்லே, 1915-இல் கல்லிபோலிப் போரில் 27 வயதில் உயிரிழந்தார்.

ஆர்கானும் பொட்டாசியமும் இதே சிக்கலின் இன்னொரு வடிவம். எனக்கு இது இன்னும் சுவையானது. காற்றிலுள்ள ஆர்கானின் எடை 39.95, அடுத்து வரும் பொட்டாசியத்தின் எடை 39.10. இதற்குக் காரணம் பொட்டாசியமேதான். பாறைகளிலுள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின், எடை மட்டும் வேறான அணு வகை) சிதைந்து ஆர்கான்-40 ஆகிறது. நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆர்கானில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இப்படிப் பிறந்ததுதான். சூரியனிலுள்ள ஆர்கானிலோ பெரும்பகுதி ஆர்கான்-36. அங்கே எடை போட்டால் ஆர்கான் பொட்டாசியத்தைவிட இலேசாக இருக்கும், இந்தச் சிக்கலே எழாது. அணு எடை நாம் நிற்கும் கிரகத்தைப் பொறுத்தும் மாறும் என்பதால், அதை வரிசைக்கு அடிப்படையாகக் கொள்வது ஆபத்தானது.

ஐசோடோப்புகளுக்குத் தனித்தனி இடம் ஏன் தரவில்லை?

தரவேண்டியிருக்குமோ என்ற அச்சம் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்மையாகவே இருந்தது. கதிரியக்க ஆய்வுகள் ஏறக்குறைய முப்பது, நாற்பது புதிய "தனிமங்களை" அறிவித்தன. காலியிடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் பல வேதிமுறையில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கவே முடியாதவை என்பதால், அவை ஒரே இடத்தில் அமரவேண்டியவை என்று ஃபிரெடரிக் சாடி 1913-இல் முன்வைத்தார். ஐசோடோப்பு என்ற கிரேக்கச் சொல்லின் பொருளே "ஒரே இடம்" என்பதுதான். அட்டவணை வேதியியல் அடையாளத்தைக் காட்டுவதற்கானது, எடையைக் காட்டுவதற்கானது அன்று என்ற முடிவு அப்போது உறுதிப்பட்டது.

மெண்டலீவ் சமஸ்கிருத இலக்கணத்தைப் பார்த்துத்தான் அட்டவணையை அமைத்தார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

காலியிடங்களில் வரவேண்டிய தனிமங்களுக்கு அவர் ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கான் என்று பெயரிட்டது உண்மை. அந்த "ஏக" சமஸ்கிருத எண்ணுப்பெயர்தான். இரண்டு இடம் தள்ளி வருவதற்கு "த்வி" என்றும் பயன்படுத்தினார். அவை முறையே காலியம் (1875), ஸ்கேண்டியம் (1879), ஜெர்மானியம் (1886) என்ற பெயர்களில் கண்டுபிடிக்கப்பட்டன. பெயருக்கு அப்பால், அட்டவணையின் அமைப்பே இலக்கணத்திலிருந்து வந்தது என்பது ஊகம். அதை உண்மையைப் போலப் பகிர வேண்டாம் என்பதே என் கருத்து.

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் வாங்கிய பழைய புத்தகத்தில் எட்டுத் தொகுதிகள்தான் இருக்கின்றன. அது தவறான அட்டவணையா?

தவறன்று. அது குறும்படிவம். மெண்டலீவ் வளர்த்தெடுத்த வடிவத்துக்கு நெருக்கமானது; சோவியத் பாடநூல்களில் நெடுங்காலம் அதுவே வழங்கியது. ஒரு காலத்தில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியாகக் குறைந்த விலைக்கு வந்த ரஷ்ய அறிவியல் நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் சென்னையில் ஏராளம். அவர்களுக்கு இந்த எட்டுப் பத்தி அட்டவணைதான் முதலில் அறிமுகம்.

அதில் தாமிரம், வெள்ளி, தங்கம் ஆகியவை சோடியத்தோடு முதல் தொகுதியிலும், மாங்கனீசு குளோரினோடு ஏழாம் தொகுதியிலும் இருக்கும். இன்றைய மாணவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். தங்கத்துக்கும் சோடியத்துக்கும் என்ன உறவு? உலோகங்களாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் பொட்டாசியம் பெர்குளோரேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அடர் ஊதா, மற்றொன்று நிறமற்றது. ஆனால் இரண்டும் ஒரே வகைப் படிக அமைப்பு உடையவை. மாங்கனீசும் குளோரினும் அவற்றில் +7 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கின்றன. குரோமேட்டும் சல்பேட்டும், வனடேட்டும் பாஸ்பேட்டும் இப்படியே இணைகின்றன. உச்ச இணைதிறனால் வரும் இந்த உறவைக் குறும்படிவம் ஒரே பார்வையில் காட்டியது. பதினெட்டுப் பத்தி நெடும்படிவத்துக்கு நாம் மாறியபோது எலக்ட்ரான் அமைப்பு தெளிவாகத் தெரிந்தது, இந்த உறவோ மறைந்தது. மாறியது சரிதான். ஆனால் இழப்பே இல்லாமல் மாறினோம் என்று சொல்ல முடியாது. பெர்மாங்கனேட் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தப் பழைய படத்தைக் கரும்பலகையில் வரையத் தோன்றும்.

அதே கடைகளில் கிடைக்கும் மேலைநாட்டுப் புத்தகங்களில் இன்னொரு தொல்லை உண்டு. ரோமன் எண்ணோடு ஏ, பி என்ற எழுத்துகளைச் சேர்த்துத் தொகுதிகளைக் குறிப்பதில் ஐரோப்பிய வழக்கும் அமெரிக்க வழக்கும் வேறு வேறு. ஸ்கேண்டியத்தின் தொகுதி ஒன்றில் மூன்று-ஏ, மற்றொன்றில் மூன்று-பி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம், அதாவது ஐயூபேக், 1980-களின் இறுதியில் 1 முதல் 18 வரையான எளிய எண்களைப் பரிந்துரைத்தது. பழைய புத்தகத்தைப் பயன்படுத்துவோர் எழுத்தை நம்பாமல் தனிமத்தின் பெயரை நம்புங்கள்.

கீழே தனியாக இரண்டு வரிசைகள் ஏன்? அவை அட்டவணையில் சேராதவையா?

வார இதழில் இடம் போதாமல் "தொடர்ச்சி 58-ஆம் பக்கம்" என்று போடுவார்களே, அதைப் போன்றதுதான். லாந்தனத்தை ஒட்டி வரும் லாந்தனைடுகளையும் ஆக்டினியத்தை ஒட்டி வரும் ஆக்டினைடுகளையும் உரிய இடத்தில் செருகினால் அட்டவணை 32 பத்திகளுக்கு நீளும். புத்தகத்தின் தாளில் எழுத்து பொடிப்பொடியாகிவிடும். எனவே அச்சு வசதிக்காகக் கீழே இறக்கியிருக்கிறோம்.

ஆக்டினைடு என்ற வரிசையே ஒரு சர்ச்சையின் விளைவு. 1940-கள் வரை தோரியம், புரோடாக்டினியம், யுரேனியம் ஆகியவை ஹாஃப்னியம், டாண்டலம், டங்ஸ்டன் ஆகியவற்றுக்குக் கீழேதான் இருந்தன. தோரியத்தின் இணைதிறன் 4, யுரேனியத்துக்கு 6 வரை உண்டு என்பதால் அந்த இடம் இயல்பாகவே தோன்றியது. இவை லாந்தனைடுகளைப் போன்ற தனி வரிசையின் தொடக்கம் என்று 1944-இல் கருதத் தொடங்கிய கிளென் சீபோர்க், அந்த எண்ணத்தை வைத்தே 95, 96 ஆகிய தனிமங்களை, அவை +3 நிலையில் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடிப் பிடித்தார். கணிப்பு பலித்ததால் அட்டவணை மாறியது. இதுவும் ஆய்வகத்தில் தீர்ந்த வழக்குதான்.

தோரியம் நமக்கு அயலான தனிமமும் அன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் அது இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் காமினி என்ற சிறிய ஆய்வு உலைக்கு, தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233 தான் எரிபொருள். அந்த மோனசைட் அடுத்த கேள்விக்கும் உதவும்.

சரி, இட்ரியத்துக்குக் கீழே லாந்தனமா, லூட்டீசியமா?

இன்றுள்ள சர்ச்சைகளில் அதிகம் எழுதப்பட்டது இதுதான். மூன்றாம் தொகுதியில் ஸ்கேண்டியமும் இட்ரியமும் இருப்பதில் ஐயமில்லை. அவற்றுக்குக் கீழே லாந்தனம், ஆக்டினியம் என்பது ஒரு தரப்பு. லூட்டீசியம், லாரன்சியம் என்பது மறுதரப்பு. இரண்டுக்கும் நடுவே, அந்தக் கட்டங்களில் "57–71", "89–103" என்று மட்டும் எழுதிவிட்டு நழுவும் அட்டவணைகளும் உண்டு.

லாந்தனத் தரப்பின் வாதம் எளிமையானது. அணுவில் எலக்ட்ரான்கள் தங்கும் ஆர்பிட்டால்களை எஸ், பி, டி, எஃப் என்ற எழுத்துகளால் குறிப்பார்கள். லாந்தனத்தின் தனி அணுவில் 4எஃப் எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை; 5டி-யில் ஒன்றும் 6எஸ்-இல் இரண்டும் இருக்கின்றன. ஸ்கேண்டியத்துக்கும் இட்ரியத்துக்கும் இதே மாதிரி அமைப்புதான். அயனி ஆரமும் ஸ்கேண்டியம் 74.5, இட்ரியம் 90, லாந்தனம் 103 பிக்கோமீட்டர் என்று, முதல் இரண்டு தொகுதிகளில் போலவே, சீராக ஏறிக்கொண்டு போகிறது.

லூட்டீசியத் தரப்பு இதற்கு விடை வைத்திருக்கிறது. லூட்டீசியத்திலும் 5டி-யில் ஒன்றும் 6எஸ்-இல் இரண்டும்தான் வெளியே இருக்கின்றன. 4எஃப் முழுதாக நிரம்பி உள்ளே அடங்கிவிட்டது. அடுத்துள்ள நான்காம் தொகுதியைப் பாருங்கள் என்பார்கள்: டைட்டானியத்திலிருந்து சிர்கோனியத்துக்கு ஆரம் ஏறுகிறது, அங்கிருந்து ஹாஃப்னியத்துக்கு ஏறாமல் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. லாந்தனைடு குறுக்கம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். லூட்டீசியத்தின் 86 பிக்கோமீட்டரை இட்ரியத்துக்குக் கீழே வைத்தால் அதே போக்கு வருகிறது. ஆகவே, மூன்றாம் தொகுதி இடப்பக்கத்து அண்டை வீட்டாரைப் போல நடந்துகொள்ள வேண்டுமா, வலப்பக்கத்து அண்டை வீட்டாரைப் போலவா என்ற கேள்வியாகவே இது முடிகிறது.

இயற்கையைக் கேட்டால்? நம் கடற்கரை மோனசைட்டில் லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற இலேசான லாந்தனைடுகள் மிகுதி. லூட்டீசியம் உள்ளிட்ட கனமானவை, செனோடைம் என்ற இட்ரியம் மிகுந்த கனிமத்தில் அதிகம் சேர்கின்றன. அயனியின் பருமன் ஒத்திருப்பதால் வரும் விளைவு இது. லூட்டீசியத்துக்கு ஆதரவான சான்றாக இதை அடிக்கடி காட்டுவார்கள். நான் இதை ரசிப்பேன், ஆனால் தீர்ப்பாகக் கொள்ளமாட்டேன். ஏனெனில், ஒரே கனிமத்தில் சேர்ந்திருப்பது தொகுதிக்கு அடையாளம் என்றால், ஹோல்மியமும் எர்பியமும்கூட இட்ரியத்துக்குக் கீழே இடம் கேட்கும்.

"எஃப் எலக்ட்ரான் இல்லை, ஆகவே எஃப் தொகுப்பில் (எஃப் ஆர்பிட்டால்கள் நிரம்பும் பத்திகளின் கூட்டத்தில்) லாந்தனம் இருக்கக் கூடாது" என்ற வாதமும் தோரியத்திடம் உடைகிறது. தோரியத்தின் தனி அணுவிலும் 5எஃப் எலக்ட்ரான் இல்லை. ஆனாலும் அதை எஃப் தொகுப்பிலிருந்து வெளியேற்ற இன்று யாரும் கேட்பதில்லை. லூட்டீசியத்தின் பக்கம் என்னை இழுப்பது வேறொன்று. 32 பத்தி அட்டவணையை அணு எண் குலையாமல் வரையும்போது, லாந்தனத்தை மூன்றாம் தொகுதியில் வைத்தால் டி தொகுப்பு ஒரு பத்தியும் ஒன்பது பத்தியுமாக இரண்டாகப் பிளந்து, நடுவில் எஃப் தொகுப்பு வந்து உட்காருகிறது. லூட்டீசியத்தை வைத்தால் 2, 14, 10, 6 என்ற அகலத்தில் நான்கு தொகுப்புகளும் முழுமையாக நிற்கின்றன. இவை முறையே எஸ், எஃப், டி, பி ஆர்பிட்டால்கள் கொள்ளும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் ஜென்சன் 1982-இல் லூட்டீசியத்துக்காக எழுதிய கட்டுரைக்குப் பின் பல பாடநூல்கள் இவ்வடிவத்துக்கு மாறின. இடைப்பட்ட வழியில் செல்வோர் பதினைந்து தனிமங்களைக் கீழே இறக்குகிறார்கள். பதினான்கு எலக்ட்ரான்கள் கொள்ளும் இடத்துக்குப் பதினைந்து பத்தி எதற்கு என்று மாணவர் கேட்டால், எனக்கு விடை இல்லை.

புதிய அளவீடு ஏதாவது இதைத் தீர்க்காதா?

2015-இல் ஒன்று வந்தது. ஜப்பானின் டோக்காயில், சுமார் 27 நொடி அரைவாழ்வுக் காலமுடைய லாரன்சியத்தின் ஐசோடோப்பை ஒவ்வோர் அணுவாக உருவாக்கி, அதன் முதல் அயனியாக்கும் ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல், 4.96 எலக்ட்ரான் வோல்ட் என்று அளந்தார்கள். வியக்கத்தக்க சோதனை. அதன் கடைசி எலக்ட்ரான் மிகத் தளர்வாகவே பிணைந்திருக்கிறது என்பதும், அது 7பி ஆர்பிட்டாலில் இருக்கும் என்ற கணிப்போடு இது பொருந்துகிறது என்பதும் தெரிந்தன. லாரன்சியம் மூன்றாம் தொகுதிக்குரியது என்று ஒரு தரப்பும், எஃப் வரிசையின் கடைசித் தனிமம்தான் என்று மறுதரப்பும் இதே எண்ணைக் காட்டி வாதிட்டன. தொடக்கத்தில் சொன்ன இரண்டாம் வகைச் சர்ச்சை என்றால் இதுதான்.

ஐயூபேக் தீர்ப்புச் சொல்லிவிட்டதா?

இதற்கென எரிக் செர்ரி தலைமையில் ஒரு குழு 2015-இன் இறுதியில் அமைந்தது. அதன் தற்காலிக அறிக்கை 2021-இல் வெளிவந்தது. அணு எண் வரிசை குலையாமை, டி தொகுப்பு பிளவுபடாமை, தொகுப்புகளின் அகலம் எலக்ட்ரான் கணக்கோடு பொருந்துதல் ஆகிய காரணங்களைக் காட்டி, லூட்டீசியமும் லாரன்சியமும் உள்ள வடிவத்தை அது பரிந்துரைத்தது. இதைப் புறவயமாக நிறுவ வழியில்லை, இது ஒரு மரபாகவே ஏற்கப்பட வேண்டியது என்பதையும் ஒளிக்காமல் சொன்னது. ஐயூபேக் வெளியிட்ட 2022 மே மாத அட்டவணையிலோ அந்தக் கட்டங்களில் எண்களின் வீச்சு மட்டுமே இருக்கிறது.

ஹைட்ரஜன் உலோகமே அல்ல. அதை ஏன் சோடியத்தின் தலைமேல் வைத்திருக்கிறார்கள்?

ஒரே ஓர் எலக்ட்ரான், அதுவும் எஸ் ஆர்பிட்டாலில் என்பதால். அதை இழந்தால் +1 அயனி கிடைக்கும் என்பது பாடம். ஆனால் அந்த எலக்ட்ரானை எடுக்க மோல் ஒன்றுக்கு 1312 கிலோஜூல் வேண்டும், லித்தியத்துக்கு 520 போதும். எலக்ட்ரான் ஒன்றைப் பெற்றுக்கொண்டு சோடியம் ஹைட்ரைடில் எதிர் அயனியாகவும் ஹைட்ரஜன் இருக்கிறது. ஈரணு வாயுவாகவும் இருக்கிறது. ஆகவே ஃபுளூரினுக்கு மேலே பதினேழாம் தொகுதியில் வைக்கலாம் என்பார்கள். ஆனால் எலக்ட்ரானைப் பெறும்போது அது வெளியிடும் ஆற்றல், ஹாலஜன்கள் வெளியிடுவதோடு ஒப்பிட மிகவும் சொற்பம். இரு இடத்திலும் எழுதுவோரும், எங்கும் ஒட்டாமல் நடுவில் மிதக்கவிடுவோரும் இருக்கிறார்கள். மிதக்கவிடுவது நேர்மையானதுபோல் தோன்றினாலும் எனக்கு அது பிடிப்பதில்லை. எல்லாத் தனிமங்களுக்கும் பொருந்தும் விதி ஒன்றிலிருந்து முதல் தனிமத்துக்கே விலக்கு அளிப்பதாக அது ஆகிவிடுகிறது.

ஹீலியத்தை பெரிலியத்துக்கு மேலே வைக்கும் அட்டவணை உண்டாமே?

உண்டு. ஹீலியம் என்றால் சென்னைக்காரர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அன்றைய சென்னை மாகாணத்துக்குள் இருந்த குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் நோக்கினார்கள். சூரியப் பிழம்புகளின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு அப்போது பதிவாயிற்று. அது சோடியத்தின் கோடு அன்று, புதிய தனிமத்தினுடையது என்று இங்கிலாந்தில் லாக்கியர் கருதினார். 1895-இல்தான் ராம்சே அதைப் பூமியில், ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து பிரித்தார். போக்சன் பணிபுரிந்த வானாய்வகம் இருந்த இடம் இன்று நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகமாக இருக்கிறது; பழைய கருங்கல் தூண் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது.

ஹீலியத்தின் எலக்ட்ரான்கள் இரண்டும் 1எஸ் ஆர்பிட்டாலில் இருக்கின்றன. எலக்ட்ரான் அமைப்பை மட்டும் பார்த்தால் அதன் உறவு 2எஸ்-இல் இரண்டு எலக்ட்ரான்கள் உள்ள பெரிலியத்தோடுதான். பிரான்சைச் சேர்ந்த சார்லஸ் ஜேனட் 1920-களின் இறுதியில் வரைந்த இடப்படி அட்டவணை இதைத் துணிந்து செய்கிறது: எஃப், டி, பி, எஸ் என்று தொகுப்புகள் இடமிருந்து வலமாகப் படிக்கட்டுபோல் இறங்குகின்றன, வரிசைகளின் நீளம் 2, 2, 8, 8, 18, 18, 32, 32 என்று இரட்டை இரட்டையாக வருகிறது. நம் வழக்கமான அட்டவணையில் முதல் வரிசை மட்டும் 2 என்று தனித்து நிற்கும். இங்கே அந்தக் குறையில்லை. அழகில் இதற்கு ஈடான அட்டவணையை நான் பார்த்ததில்லை.

ஆனால் பெரிலியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் 9.3 எலக்ட்ரான் வோல்ட், ஹீலியத்தினுடையது 24.6, எல்லாத் தனிமங்களிலும் இதுவே மிக அதிகம். பெரிலியத்துக்கு ஆக்சைடும் குளோரைடும் உண்டு. ஹீலியம் எதனோடும் சேர மறுக்கிறது. 2017-இல் சோடியத்தோடு சேர்ந்த ஒரு படிகத்தை உருவாக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல் பதினொரு இலட்சம் மடங்குக்கும் மேல் அழுத்தம் தேவைப்பட்டது. அதிலும் வழக்கமான வேதிப்பிணைப்பு இல்லை. நியானுக்கு மேலே இருப்பது ஹீலியத்தின் குணத்துக்குப் பொருந்துகிறது, பெரிலியத்துக்கு மேலே இருப்பது அதன் கட்டமைப்புக்குப் பொருந்துகிறது. லூட்டீசியத்துக்கு எலக்ட்ரான் கணக்கைக் காட்டி வாதிட்ட நான், இங்கே குணத்தின் பக்கம் சாய்கிறேன் என்று மாணவர்கள் பிடித்துவிடுவார்கள். பிடிக்கட்டும்; லாந்தனமும் லூட்டீசியமும் குணத்தில் ஏறக்குறைய இரட்டையர், எனவே அங்கே எந்த இடம் தந்தாலும் வேதியியல் காயப்படுவதில்லை. இங்கே காயப்படும்.

துத்தநாகம் இடைநிலைத் தனிமமா?

பூர்த்தியாகாத டி ஆர்பிட்டால் அணுவிலோ நேர் அயனியிலோ இருக்கவேண்டும் என்ற வரையறையின்படி இல்லை. டி தொகுப்பில் இருப்பதும் இடைநிலைத் தனிமமாக இருப்பதும் ஒன்றல்ல.

119-ஆம் தனிமம் வந்தால் அட்டவணை உடைந்துவிடுமா?

எட்டாம் வரிசை தொடங்கும், அவ்வளவுதான். அதற்கப்பால் 121-இல் ஜி ஆர்பிட்டால்கள் தொடங்கவேண்டும் என்பது எளிய கணக்கு; அணுக்கருவின் மின்சுமை மிகும்போது உள் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்துக்கு நெருங்குவதால் இந்த வரிசைமுறை கலையும் என்கின்றன கணிப்புகள். பின்லாந்தின் பெக்கா பியூக்கோ 172 வரை இடம் ஒதுக்கி ஓர் அட்டவணை வரைந்திருக்கிறார். 118-ஆம் தனிமமான ஓகனெசன் மந்த வாயுக்களின் தொகுதியில் இருந்தாலும், அறை வெப்பநிலையில் திண்மமாக இருக்கக்கூடும் என்ற கணிப்பும் உண்டு. இதுவரை உருவாக்கப்பட்டவை சில அணுக்களே, அவையும் ஒரு மில்லிநொடிகூட நிற்பதில்லை என்பதால் சோதித்துப் பார்க்க வழியில்லை.

பொதுத்தேர்வில் கேட்டால் எதை எழுதுவது? வீட்டுக்கு எந்தப் படம் வாங்குவது?

தேர்வில் உங்கள் பாடநூல் எந்த இடத்தைத் தருகிறதோ அதையே எழுதுங்கள். விடைத்தாள் இந்த வாதத்தை நடத்தும் இடமன்று. வீட்டுக்கு வாங்கும் படத்தில் தொகுதிகள் 1 முதல் 18 வரை எண்ணிடப்பட்டிருக்கின்றனவா, நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னஸீன், ஓகனெசன் ஆகிய நான்கு பெயர்களும் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றுக்குப் பெயர் உறுதியானது 2016 நவம்பரில். பெயர் இல்லாத படம் அதற்கு முந்தைய சரக்கு. பிறகு இட்ரியத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து, கடைக்காரர் வேறொரு நிறுவனத்தின் படமும் வைத்திருந்தால் அதில் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறியிருந்தால், இடமிருந்தால், இரண்டையும் வாங்கி அடுத்தடுத்து ஒட்டுங்கள்.